ஐஎஸ்ஓ: திறனா, எண்ணா?

காசியில் தசாசுவமேதப் படித்துறையின் மாலை ஆரத்தியைப் படகில் உட்கார்ந்து படமெடுத்தவர்களுக்குத் தெரியும், அங்கே முக்காலி உதவாது. முக்காலி அசையாமல் நின்றாலும் படகு ஆடும், பக்கத்துப் படகு வந்து இடிக்கும். கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தாக வேண்டும். முதல் தடவை போனபோது, படம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்று கேமராவில் வைக்கும் எண்ணான ஐஎஸ்ஓவை 800க்கு மேல் ஏற்றுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். ஏற்றினால் படம் கெட்டுவிடும் என்று எப்போதோ கேட்டது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் 1/8 விநாடி திறந்திருக்க வேண்டியதாகிவிட்டது, கை ஆடினால் படமும் ஆடும். அடுக்கு விளக்கைச் சுழற்றியவரின் முகம் ஒரு படத்திலும் தேறவில்லை. தீபச் சுடர்தான் மஞ்சள் கயிறு மாதிரி இழுபட்டுக் கிடந்தது.

அந்தப் பிடிவாதத்தில் பாதிக்கு, அந்தச் சொல்லைப் புரிந்துகொண்ட விதமே காரணம்.

ஐஎஸ்ஓ என்பது கேமராக்காரர்களின் சொல்லே இல்லை. தண்ணீர் கேன் கம்பெனியின் வாசலில் ‘ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றது’ என்று பலகை தொங்குமே, அதே ஐஎஸ்ஓதான். 1947இல் செயல்படத் தொடங்கிய, ஜெனீவாவில் தலைமையகம் உள்ள பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பின் பெயர். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ஐஓஎஸ் என்று வரும், பிரெஞ்சுப் பெயரைச் சுருக்கினால் ஓஐஎன். மொழிக்கு ஒரு சுருக்கம் வேண்டாமென்று, ‘சமம்’ என்று பொருள்படும் ‘ஐசோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரை எடுத்ததாக அந்த அமைப்பே விளக்கம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ‘ஐசோ’ என்பதே சரியான உச்சரிப்பு. ஆனால் நம் ஊரில் ஐ-எஸ்-ஓ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னால்தான் புரியும். சரி, அப்படியே இருக்கட்டும்.

கேமராவுக்குள் இது ஃபிலிம் வழியாக நுழைந்தது. ஃபிலிம் எவ்வளவு சீக்கிரம் ஒளியை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு ஜெர்மனியில் 1934 முதல் டிஐஎன் என்றொரு அளவு இருந்தது. அமெரிக்காவில் 1943 முதல் ஏஎஸ்ஏ. ஏஎஸ்ஏவில் எண் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். டிஐஎன்னில் மூன்று கூடினாலே இரட்டிப்பு: 21, 24, 27. 1974இல் ஐஎஸ்ஓ இரண்டையும் ஒரே தரநிலையில் சேர்த்தது. பழைய ஃபிலிம் டப்பாவில் 100/21° என்று பார்த்திருந்தால், அந்த இரட்டை எண் இப்படி வந்ததுதான்.

தமிழில் இதற்கு ‘ஒளியுணர்திறன்’ என்று எழுதுகிறோம். ஃபிலிமுக்கு அது பொருத்தமான சொல். 400 ரோல் உண்மையிலேயே 100 ரோலைவிட ஒளியைக் கூடுதலாக உணரும், அதன் ரசாயனம் அப்படி. டிஜிட்டலில்தான் இடிக்கிறது. 1998இல் டிஜிட்டல் கேமராக்களுக்கென்று 12232 என்ற தரநிலை வந்தபோதும் பழைய எண்களே தொடர்ந்தன. ஆனால் நாம் எண்ணை ஏற்றும்போது, ஃபிலிமின் இடத்தில் ஒளியை வாங்கும் சென்சாரின் திறன் கூடுவதில்லை. விழுந்த ஒளி விழுந்ததுதான். அதை எவ்வளவு பிரகாசமாகக் காட்டுவது என்பது மட்டும் மாறுகிறது. அதனால் ‘திறன்’ இங்கே ஆளை ஏமாற்றும். ‘ஒளியுணர் எண்’ என்று சொன்னால் போதும் என்பது என் கட்சி. பேச்சில் ஐஎஸ்ஓ என்றே சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் இரவுப் படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள்? அவற்றுக்கு முதல் காரணம் ஐஎஸ்ஓ அல்ல, ஒளிப் பஞ்சம். முற்றத்தில் முதல் தூறல் விழும்போது தரை திட்டுத்திட்டாக நனையும். அடைமழையில் எல்லா இடமும் ஒன்றுபோல் ஈரமாகிவிடும். சென்சார்மேல் ஒளி விழுவதும் அந்த மாதிரிதான். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் வெளிச்சமாக்கினாலும் அதே புள்ளிகள் வரும், சில கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும்.

இந்தப் புள்ளிகளுக்கு ‘இரைச்சல்’ என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒட்டவில்லை, அது காதின் சொல். உடைந்த அரிசிக்கு ‘நொய்’ என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. ‘நாய்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் இப்படி ஒரு சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது தற்செயல்தான். ஆனாலும் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் முறத்தில் பரப்பிய நொய் மாதிரியேதான் இருக்கிறது.

அடுத்த முறை காசிக்குப் போனபோது 50 மி.மீ. லென்ஸ், ஒளி நுழையும் துளை f/1.8, ஷட்டர் 1/60 விநாடி, ஐஎஸ்ஓ 6400. 100இலிருந்து 6400 வரை ஆறு இரட்டிப்பு, அதாவது 64 மடங்கு. இதே காட்சியை 100இல் எடுக்க ஏறக்குறைய ஒரு விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும், படகும் பிடிக்க வேண்டும். எண்ணை ஏற்றியதற்கு நட்டம் வேறு பக்கம் வந்தது: சுடரின் நடுப்பகுதி வெளுத்து வெறும் வெள்ளையாகிவிட்டது, அதை மீட்க முடியவில்லை. புகைக்குள் நொய்யும் நிறைய. ஆனால் விளக்கை உயர்த்திய கையின் மோதிரம்வரை தெரிந்தது.