பந்தலின் கடைசி வரிசைக்கு என்ன கேட்கிறது?

போன பங்குனியில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் கலைஞர் என்னிடம் குரல் சிகிச்சைக்கு வந்தார். முப்பது வருஷமாக வேஷம் கட்டுபவர். குரல் கம்மிப்போய், பாதி காற்றாகத்தான் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாண்கள் இரண்டிலும் முடிச்சு இருக்கிறது, முதலில் குரல் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதி அனுப்பியிருந்தார். மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கையில் காய்ப்பு ஏறுமே, அந்த மாதிரிதான் இந்த முடிச்சும். ஓர் ஆண் சாதாரணமாகப் பேசும்போதே அந்த நாண்கள் வினாடிக்கு 100 முதல் 150 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. உச்சஸ்தாயியில் பாடினால் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காகிவிடும், அடியும் பலமாக விழும். இவரோ ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை அதைச் செய்கிறார்.

“ஏன் இவ்வளவு கத்துறீங்க?” என்று கேட்டேன்.

“சனம் எழுந்து போயிடுது மேடம். கடைசி வரிசைக்கும் கேக்கணும் இல்ல?”

கடலூரில் பேச்சு, செவித்திறன் நிபுணராக இருக்கிறேன். மேடையில் நிற்பவரின் தொண்டை, கீழே உட்கார்ந்திருப்பவரின் காது இரண்டுமே என்னிடம் வருகின்றன. கடைசி வரிசைக்கு என்ன கேட்கிறது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கடைசி வரிசைதான் மறுநாள் என் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கும் ஒரு பெரியம்மா காது பரிசோதனைக்குக் காத்திருந்தார். இருவரையும் கேட்டுக்கொண்டு, பெரியம்மாவை உள்ளே அழைத்தேன். கலைஞரின் போனில் முந்தின வருஷக் கூத்து வீடியோ இருந்தது. அதைச் சத்தமாக வைத்தோம். பெரியம்மா முகத்தைச் சுளித்தார்.

“கத்துறது கேக்குது தம்பி, காதே வலிக்குது. என்னா சொல்றன்னுதான் புடிபடல.”

கலைஞரிடம் அதே வசனத்தை, பெரியம்மா முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில், நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை நிறுத்திச் சொல்லச் சொன்னேன். கம்மிய குரலில்தான் சொன்னார். “தருமன் சூதுல தோத்துட்டான், அதானே?” என்றார் பெரியம்மா. கலைஞர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைத்தான். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கேட்கும். ச, த, ப, க என்று சொல்லுக்கு முகம் கொடுக்கும் மெய்யொலிகள் தேய்ந்துவிடும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகவே விழும். கத்தும்போது நடப்பது என்னவென்றால், உயிரொலிதான் நீண்டு பெருக்கிறது. மெய்யொலி அந்த அளவுக்கு ஏறுவதில்லை, அதில் மூழ்கிப்போகிறது. இன்னொன்றும் உண்டு. பழுதுபட்ட உள்காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ சட்டென்று வலியாகிவிடும். அதனால்தான் பெரியம்மா எழுந்து போகிறார். கதை பிடிக்காமல் அல்ல. ஐந்து சொல்லில் இரண்டுதான் கிடைக்கிறது என்றால் யார்தான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்?

கூத்தின் பழைய கட்டமைப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. ராஜா ஒரு வரி பாடுகிறார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். பிறகு அதே சேதி வசனமாக வருகிறது. அப்புறம் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து, தெரியாதவன்போலக் கேள்வி கேட்டு அதையே நம் வீட்டுத் தமிழில் உடைத்து வைக்கிறார். ஒரே சேதி மூன்று நான்கு உருவத்தில் வருகிறது. ஒன்றில் தவறவிட்டவர் இன்னொன்றில் பிடித்துக்கொள்வார். பின்பாட்டு நடக்கும் நேரத்தில் பாடினவர் தொண்டைக்கும் ஓய்வு. “இப்ப சில ஊர்ல ரெண்டு மணி நேரத்துல முடிக்கச் சொல்றாங்க, மொதல்ல பின்பாட்டத்தான் வெட்டுறோம்” என்றார் அவர். எனக்கு வருத்தமாக இருந்தது. வெட்டவே கூடாதது அதுதான்.

மேடைப் பேச்சாளர்களும் இதில் சிக்குகிறார்கள். மஞ்சை நகர் மைதானம் மாதிரித் திறந்த இடத்தில் ரோட்டோரம்வரை குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் உங்களிடம் அரை வினாடி கழித்து வரும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் நிற்பவருக்கு ஒரு சொல்லின் வால்மீது அடுத்த சொல்லின் தலை ஏறிக்கொள்ளும். மூச்சு விடாமல் அடுக்குமொழி பேசினால் அவருக்கு வெறும் இரைச்சல்தான். வாக்கியம் முடிந்ததும் ஒரு வினாடி நிறுத்துங்கள். கைதட்டு வருவதும் அந்த இடைவெளியில்தானே?

எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் நூல் வெளியீட்டுக் கூட்டங்களுக்கு அடிக்கடி போவேன். சொந்தக் கதையைத் தாளில் குனிந்தபடி, வாயை மைக்கால் மறைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். காது மந்தமானவர்கள் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். தாளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, மைக்கை முகவாய்க்குக் கீழே நான்கு விரல் தள்ளி வையுங்கள். கடற்கரைப் பக்கம் கூட்டம் என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போடச் சொல்லுங்கள், காற்று அடித்துச் சொல்லையே விழுங்கிவிடும்.

சரி, தெரிந்தும் ஏன் கத்துகிறோம்? சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமலே குரல் ஏறும். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911இலேயே இதை எழுதியிருக்கிறார். கூத்துக்களத்தில் பக்கத்தில் முகவீணை, மத்தளம், பின்னால் ஜெனரேட்டர். ஸ்பீக்கர் எல்லாம் சனத்தைப் பார்த்து இருக்கிறது. ஆடுகிறவருக்குத் தன் குரல் தனக்கே கேட்பதில்லை, அதனால் கத்துகிறார். இதை மனக்கட்டுப்பாட்டால் எளிதில் நிறுத்த முடியாது. ஆடுகிறவரைப் பார்த்து, அவர் குரலை அவருக்கே கேட்கவைக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதாவது மானிட்டர் பாக்ஸ், வைத்தால் பெருமளவு தானாகக் குறையும்.

தொண்டைக்கென்று பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் எல்லாம் வாயில் போடுகிறார்கள். போடலாம், இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல் நாண் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். அதற்கு ஈரம் வேண்டுமென்றால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆவி பிடிக்கலாம். அடிக்கடி தொண்டையைச் செருமுவது நாண்களை அறைந்து மோத வைக்கும், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுங்கள். ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுப்பதும் பலருக்குச் சிரமத்தைக் கூட்டும். ஆட்டம் முடிந்து சாப்பிட்ட கையோடு படுத்தால் வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறும்.

குரல் கம்மல் 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, குரல்வளைப் புற்றுநோயும் பல நேரம் முதலில் வெறும் கம்மலாகத்தான் வரும். விழுங்கச் சிரமம், சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் என்றால் 3 வாரம் காத்திருக்காமல் உடனே போங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

அடுத்த முறை வரும்போது மைக் செட்காரரையும் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். இருவரும் வந்தார்கள். மைக்கின் முதுகுப் பக்கம் பாக்ஸ் வரும்படி தாளில் களத்தை வரைந்து காட்டினேன், முன்பக்கம் வைத்தால் கீச்சிடும் என்பதற்காக. மைக் செட்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பழைய பாக்ஸ் ஒண்ணு வீட்ல சும்மாதான் கெடக்குது அண்ணே, அதையே கொண்டாந்துடறேன்” என்றார்.