மயிலிறகில் நீலச் சாயம் கிடையாது

கிளிநொச்சிப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. விதைத்த நெல்லைப் பொறுக்கித் தின்று கமக்காரரிடம் திட்டு வாங்குகிற சாதி அது. வயல் வரம்பில் கிடக்கும் ஓர் இறகை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நீலமும் பச்சையும் மறைந்து வெறும் மண்ணிறம்தான் தெரியும். உள்ளே இருப்பது மெலனின், நம் தலைமயிரைக் கறுப்பாக்குகிற அதே சரக்கு. அது நுண்ணிய குச்சிகளாக, வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறது. குச்சிக்குக் குச்சி இடைவெளி 140 நானோமீற்றர் அளவில் இருந்தால் நீலம், 150 என்றால் பச்சை, 165 என்றால் மஞ்சள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீற்றர், அதில் பத்து கூடினாலே நிறம் மாறிவிடுகிறது!

சரி, அந்த இறகைப் போனில் படம் எடுக்கிறோம். கமராவுக்குள் ஒளியைப் பிடிக்கிற சில்லு சிலிக்கனால் ஆனது, அந்தச் சிலிக்கனுக்கு நிறம் தெரியாது. ஒளி விழுந்தால் மின்னாக்கும், சிவப்பா நீலமா என்று கேட்காது. அதனால் அந்தச் சில்லில் படத்தைப் பிடிக்கும் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டியை ஒட்டிவிடுகிறார்கள். நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு கொடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்றார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஊதாரித்தனமும்கூட. சிவப்பு வடிகட்டி பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிடும், இப்படியே வருகிற ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடுகிறது. பொழுதுபட்ட பிறகு எடுத்த படம் பொரிப்பொரியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிகட்டியே இல்லாமல் நிறம் பிரிக்கலாமா? குழாய்க்கிணற்றடியில் குடம் நிறைவதைக் கேட்டிருப்பீர்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய சத்தம் கீச்சென்று ஏறும். இடத்தின் அளவுதான் சுரத்தைத் தீர்மானிக்கிறது. ஒளிக்கும் அப்படித்தான். சிலிக்கனை நாற்றுப்போல நட்டமாக நிற்கும் கம்பிகளாகச் செதுக்கினால், தன் தடிப்புக்கு ஒத்துவரும் அலைநீளத்தை, அதாவது ஒரு குறிப்பிட்ட நிற ஒளியை, கம்பி உள்ளே இழுத்து உறிஞ்சி மின்னாக்கிவிடும். மெல்லியது நீலத்தை எடுக்கும், தடித்தது சிவப்பை. தன் தலையில் நேரே விழாமல் பக்கத்தால் போகிற ஒளியைக்கூட வளைத்துப் பிடிக்கும், எனக்கு இதில் பெரிய அதிசயம் அதுதான். பிடிபடாத நிறங்கள் கீழே இறங்கும், அடியில் இன்னோர் உணரியை வைத்தால் அவையும் வீணாகாது. ஹார்வர்டில் கென்னத் குரோசியர் குழுவினர் 2014இல் இத்தகைய கம்பிகளாலேயே வடிகட்டி இல்லாமல் நிறப்படம் எடுத்துக் காட்டினார்கள்.

சிக்கல் செய்வதில்தான். மயிலுக்குச் சொன்ன அதே கணக்கு இங்கேயும், தடிப்பு கொஞ்சம் பிசகினால் நிறம் பிசகும், கோடிக்கணக்கில் ஒரே அளவாகச் செதுக்குவது லேசான வேலையில்லை.

எங்கள் சித்தப்பா யூரியா எறிய முன் வரம்பில் நின்று பயிரைப் பார்ப்பார். "மஞ்சளடிக்குது" என்றால் பசளை போட வேண்டும் என்று அர்த்தம். ஆனால் நல்ல பயிரின் இலை பச்சையைவிட மிக அதிகமாகத் திருப்பி அனுப்புவது சிவப்புக்கு அடுத்து வரும் அண்மை அகச்சிவப்பு ஒளியை, அது அவர் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது. அதே சிலிக்கன் துண்டில் இன்னும் கொஞ்சம் தடித்த கம்பிகளையும் சேர்த்துச் செதுக்கினால் அவை அதைப் பிடித்துவிடும்.