ஏஐக்கு எதுக்கு புள்ளி போடுறாங்க?

இலங்கையில, எங்கட திருமலையில (திருகோணமலை) டியூஷனுக்கு போற பிள்ளையள் சாட்ஜிபிடியை ஏஐ எண்டுதுகள், காத்து மழை சொல்லுற வேலையிலயும் இப்ப ஏஐ வந்திட்டுது, பேஸ்புக்கில எந்த வீடியோ முதல்ல வரணும் எண்டு முடிவெடுக்கிறதும் அதுதான். மூண்டுக்கும் ஒரே பேர், ஆனா மூண்டையும் ஒரே மாதிரி நம்ப ஏலாது. எதை எவ்வளவு நம்பலாம் எண்டு பாக்க நான் கேக்கிறது ஒரே கேள்வி: இந்த மெஷினுக்கு எதுக்கு புள்ளி (மார்க்ஸ்) போட்டு படிப்பிச்சாங்க?

ஏன் எண்டா இதுகள் படிக்கிற முறை அடிப்படையில ஒண்டுதான். உள்ளுக்க கோடிக்கணக்கான எண்கள், முதல்ல எல்லாம் கண்டபாட்டுக்கு இருக்கும். ஒரு கேள்வி குடுப்பாங்க, அது ஒரு விடை சொல்லும், சரியான விடையில இருந்து எவ்வளவு தள்ளி நிக்குது எண்டு கணக்கு போட்டு, அந்த பிழை குறையுற பக்கமா ஒவ்வொரு எண்ணையும் துளி துளியா நகர்த்துவாங்க, இதை திரும்ப திரும்ப, லட்சக்கணக்கான தரம் செய்வாங்க. புயல் எண்டா என்ன எண்டு ஆரும் அதுக்கு சொல்லிக் குடுக்கிறதில்ல, பிழைக்கு புள்ளி குறைக்கிறதோட சரி. அதால எதுக்கு புள்ளி கிடைக்குதோ அதில மட்டும்தான் அது கெட்டிக்காரனாகும்.

வானிலையை எடுப்பம், எங்கட கரைக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினை. 2020 டிசம்பர் 2 ராத்திரி புரெவி புயல் திருமலைக்கு கிட்ட கரையேறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு புயலை பழைய முறையில கணிக்க எண்டா காத்து, அமுக்கம், வெப்பம், ஈரப்பதன் எல்லாத்துக்கும் பௌதிக சமன்பாடுகளை சூப்பர் கம்பியூட்டர்ல ஓட்டணும், அதுக்கு நிறைய நேரமும் காசும் போகும். 2023ல கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராப்காஸ்ட் எண்ட வானிலை ஏஐ அந்த சமன்பாடுகளை தொடவே இல்ல. ஐரோப்பிய வானிலை மையம் தொகுத்து வச்ச, 1979 தொடக்கம் 2017 வரைக்குமான 39 வருச உலக வானிலையை வச்சு படிச்சுது. இப்ப உள்ள நிலையையும் 6 மணித்தியாலத்துக்கு முந்தின நிலையையும் குடுத்தா அடுத்த 6 மணித்தியாலத்தை சொல்லும், பிறகு தன்ட விடையையே கேள்வியா எடுத்து அப்படியே 10 நாள் வரைக்கும் போகும், ஒரே ஒரு சிப்ல ஒரு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிரும். புயல் போற பாதையை பழைய முறையை விட நல்லாவே சொல்லிச்சு.

இதை நம்பலாம் எண்டு நான் சொல்லுறதுக்கு காரணம், ஒவ்வொரு கேள்விக்கும் நிஜத்தில நடந்த ஒரு விடை இருக்கு. நாளைக்கு வானம் தானே வந்து திருத்திப் போடும், அதுக்கிட்ட சமாளிக்க ஏலாது.

ஆனா அங்கயும் ஒரு பொறி இருக்கு. பிழையை வர்க்கமாக்கித்தான் புள்ளி குறைக்கிறாங்க, அதாவது பெரிய பிழைக்கு மிகப் பெரிய தண்டனை. புயல் நிலாவெளிக்கும் வரலாம் மட்டக்களப்புக்கும் வரலாம் எண்டு சந்தேகம் வந்தா, ஒண்டை துணிஞ்சு சொல்லி பிழை விடுறதை விட ரெண்டுக்கும் நடுவில மெல்லிய ஒரு காத்தை பரப்பி விடுறதுதான் மெஷினுக்கு லாபம். அதாலதான் இந்த வகை மொடல்கள் பாதையை சரியா சொல்லி புயல்ட பலத்தை குறைச்சு சொல்லுதுகள். இன்னொண்டு, அது உலகத்தை ஏறத்தாழ 28 கிலோமீட்டர் கட்டங்களா பாக்குது, திருமலை டவுனும் நிலாவெளியும் ஒரே கட்டத்துக்குள்ள விழுந்தா ரெண்டுக்கும் ஒரே காத்துதான். அதோட 1964 டிசம்பர்ல வடக்கு கிழக்கை அடிச்ச புயலும், 1978 நவம்பர்ல மட்டக்களப்பை நாசமாக்கின புயலும் அந்த 39 வருசத்துக்குள்ள இல்ல! எங்கட ஆக்கள் இண்டைக்கும் கதைக்கிற புயல்களை அது படிக்கவே இல்ல. இப்ப உள்ள நிலையை தெரிய அதுக்கு செய்மதியும் பலூனும் திருமலையில இருக்கிற மாதிரி அவதான நிலையங்களும் வேணும், ஏஐ வந்திட்டுது இனி நிலையங்கள் எதுக்கு எண்டு ஆராவது கேட்டா நான் சண்டைக்கே போவன்.

மருத்துவத்திலயும் விடை இருக்கிற இடத்தில இது நல்லா வேலை செய்யுது. சீனி வருத்தக்காரர்ட விழித்திரை படத்தை பாத்து பாதிப்பு சொல்லுற ஏஐக்கு, 2016ல வந்த ஆய்வில, 128,175 படங்களை 54 கண் டொக்டர்மார் பாத்து விடை குறிச்சாங்க. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி படங்களும் அதில இருந்துது. கண் டொக்டருக்கு தூரம் போக வேண்டிய கிராமங்களுக்கு இது பெரிய உதவி, படம் தெளிவா எடுத்தா.

இனி சாட்ஜிபிடி. அதுக்கு முதல் கட்டத்தில புள்ளி கிடைச்சது அடுத்து வாற சொல்லுத்துண்டை சரியா ஊகிச்சதுக்கு, பிறகு மனிசர் பாத்து இந்த பதில் நல்லம் எண்டு சொன்னதுக்கு. அந்த ரெண்டு கட்டத்திலயும் ஒவ்வொரு பதிலும் உண்மையா எண்டு நேரா சரிபாத்து புள்ளி போடுறது குறைவு, உண்மையும் நல்ல எழுத்தும் அதிகமா ஒண்டா போற இடத்தில அது உண்மை சொல்லும், மத்த இடத்தில நல்ல எழுத்தா மட்டும் இருக்கும். 2025 செப்டம்பர்ல ஓபன்ஏஐ ஆய்வாளர்களே இதை எழுதினாங்க: தெரியாது எண்டு சொன்னா பூச்சியம், குத்துமதிப்பா சொன்னா சிலநேரம் புள்ளி, அப்படி பரீட்சை வச்சா மொடல் குத்துமதிப்பாத்தான் சொல்லும்.

தமிழுக்கு இது கூட மோசம். சாட்ஜிபிடிக்கு முந்தி, 2020ல வந்த ஜிபிடி 3 எண்ட மொடல் படிச்சதில நூத்துக்கு 90க்கு மேல இங்கிலீஷ். திருகோணமலை எண்டு தமிழில எழுதினா கம்பியூட்டருக்கு 30 பைட் (எழுத்தை சேமிக்கிற சின்ன அலகு), இங்கிலீஷில 11 தான், பழைய மொடல்கள் எங்கட சொல்லை சின்ன சின்ன துண்டா வெட்டித்தான் வாசிச்சுதுகள். இப்ப நிறைய முன்னேறி இருக்கு, இங்கிலீஷ் பாடப்புத்தகம் விளங்காத பிள்ளைக்கு தமிழில விளங்கப்படுத்துறதை நான் பெரிய கொடையா பாக்கிறன். ஆனா மூதூர் சரித்திரம், கிண்ணியா மருந்துக்கடை, நாளைக்கு கடலுக்கு போகலாமா எண்டெல்லாம் அதுக்கிட்ட கேட்டு அப்படியே நம்ப வேணாம். கடலுக்கு போக வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலை பாருங்க.

எனக்கு உண்மையா பயம் மூண்டாவது, பேஸ்புக்தான், ஏன் எண்டா அங்க நாங்க கேள்வியே கேக்கிறதில்ல, அது தானா கொண்டு வந்து காட்டுது. எந்த போஸ்ட் முதல்ல வரணும் எண்டு அடுக்குற பேஸ்புக் பீடுக்கு புள்ளி கிடைக்கிறது நீங்க பாத்துக்கொண்டு நிண்டதுக்கு, அமத்தினதுக்கு, கொமெண்ட் போட்டதுக்கு. 2017ல இருந்து கோவ எமோஜி உள்பட எமோஜி ஒண்டுக்கு லைக்கை விட 5 மடங்கு பெறுமதி குடுத்தாங்க. 2018 பெப்ரவரியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கருத்தடை மருந்து கலந்தாங்க எண்டு ஒரு பொய் பரவிச்சு, பிறகு மார்ச்சில கண்டி, திகன பக்கம் முஸ்லிம் ஆக்கள்ட வீடும் கடையும் எரிஞ்சுது, அரசாங்கம் சமூக வலைத்தளங்களை தடை செஞ்சுது. வெறுப்பு மனிசர்ட்ட இருந்துதான் வந்தது, அதை அல்கோரிதம் உண்டாக்கல்ல. ஆனா கோவத்தை கிளப்புற போஸ்ட்டை மேல தூக்கி விடுற கணக்கு அப்ப அங்க ஓடிக்கொண்டிருந்துது. தன்ட தளம் பாவிக்கப்பட்டதுக்கு 2020 மே மாசம் பேஸ்புக் மன்னிப்பு கேட்டுது.

கிராப்காஸ்ட் எதுக்கு புள்ளி வாங்குது எண்டது சயன்ஸ் சஞ்சிகையில அச்சாகி இருக்கு, யூனிவர்சிட்டி பிள்ளையள் எடுத்து வாசிச்சு குறை சொல்லலாம். கோவ எமோஜிக்கு 2020 செப்டம்பர்ல பேஸ்புக் பூச்சியம் ஆக்கினது எங்களுக்கு தெரிய வந்தது 2021 ஒக்டோபர்ல, அதுவும் உள் ஆவணங்கள் கசிஞ்சாப் பிறகுதான்.