ஸ்கேன் நார்மல்தான், ஈயம் அதில் தெரியாது

போன வாரம் வந்த ஏழு மாதக் கர்ப்பிணிக்கு எடை, பிரஷர், சுகர் எல்லாம் சரி. ரத்தசோகை மட்டும் மாத்திரைக்கு மசியவில்லை. கணவரின் சட்டைக் காலரில் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். பழைய பேட்டரியைப் பிரித்து ஈயத் தகட்டை உருக்குகிறாராம், வீட்டு வாசலிலேயே. அந்தத் துணியைக் கல்யாணமான நாளிலிருந்து துவைப்பது இந்தப் பெண்தான். ரத்தத்தில் ஈயம் பார்க்கலாம் என்றதும் மாமியாருக்குக் கோபம். "அஞ்சாம் மாச ஸ்கேன்ல நார்மல்னு சொல்லிட்டாங்களே டாக்டர், அப்புறம் எதுக்கு இது?"

எத்தனை பேரிடம்தான் இதற்குப் பதில் சொல்வது! அம்மா, அந்த ஸ்கேன் பார்ப்பது உருவத்தை. மண்டையோடு மூடியிருக்கிறதா, முதுகுத்தண்டு சரியா, இதயத்தில் நான்கு அறை இருக்கிறதா என்று பார்ப்போம். மூளை நாளைக்கு எப்படிப் படிக்கும், எவ்வளவு நேரம் கவனிக்கும் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. ஈயம் ஏறிய குழந்தை நல்ல எடையோடு வீறிட்டு அழுதுகொண்டே பிறக்கலாம். இரண்டாம் வகுப்பில் டீச்சர் "கவனிக்கவே மாட்டேங்கிறான்" என்று சொல்லும்போது யாருக்கும் அப்பாவின் வேலை ஞாபகம் வராது. "மூணு மாசம் தாண்டியாச்சு, பயமில்லை" என்பதும் தப்பு. மூளை பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகும் வளர்கிறது. நஞ்சுக்கொடி ஈயத்தைத் தடுக்காது.

உருக்கு வேலை, பெயின்ட் வேலை செய்பவர்கள் அங்கேயே குளித்து உடை மாற்றி வாருங்கள். அந்தத் துணியை நீங்களே தனியாகத் துவையுங்கள். வீட்டு வாசலில் உருக்குவது கூடவே கூடாது.

இந்த வேலையே இல்லாத வீட்டுக்காரர்களும் கேளுங்கள். பங்களாதேஷில் கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எப்படி வந்தது என்று தேடினால், மஞ்சளில் போய் நின்றது. நிறம் தூக்க லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்த்திருந்தார்கள். 2019-இல் ஆய்வு வெளியானதும் அரசு கடுமையாக இறங்கியது. 2021-க்குள் சந்தையில் அது அநேகமாக ஒழிந்தது. விரலி வாங்கி அரைத்தாலும் கவனம் வேண்டும், பாலிஷ் போடும்போதே இந்தச் சாயத்தை ஏற்றுவதுண்டு. மங்கலான, பாலிஷ் போடாத விரலியாகப் பாருங்கள்.

வளைகாப்புக்கு முன்னால் ஜன்னலுக்குப் புது பெயின்ட் அடிக்க ஆசையா? நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டைக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுரண்டாதீர்கள். செங்கல், சாம்பல் தின்னத் தோன்றினால் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றிலும் ஈயம் இருக்கலாம்; திட்ட மாட்டேன்.

ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்றும் அது சொல்லவில்லை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைத் தயவுசெய்து பீரோவில் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்காமல், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள்.