பிள்ளை டப்ளின் ஸ்கூலில் படித்தால் நீங்கள் டப்ளின்வாசி ஆகிவிட மாட்டீர்கள்: ஒஹையோ சிட்டி டாக்ஸ்

வரி சீசன் வந்தால் போதும், அதே கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். "டாக்ஸ் எல்லாம் சம்பளத்திலேயே பிடிச்சிட்டாங்களே, இது ஸ்கேமா?" ஸ்கேம் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸ் நகரத்தின் வருமான வரிப் பிரிவு, விட்டுப்போன வருடங்களுக்கு ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு, கேட்கிறது. வட்டியும் அபராதமும் சேர்த்து. கொலம்பஸ் வட்டாரத்தில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களில் இத்தனை பேர் இதில் மாட்டுவது வருத்தமாக இருக்கிறது. இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய செலவு.

ஊரில் தொழில்வரியைக் கம்பெனி பிடித்துக் கட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது. ஒஹையோவில் அப்படி இல்லை. இங்கே ஃபெடரல், ஸ்டேட் போக நகரங்களும் தனியாக வருமான வரி போடுகின்றன. வேலை செய்யும் நகரம் அங்கே சம்பாதித்த சம்பளத்துக்கு வரி கேட்கும். குடியிருக்கும் நகரம், எங்கே சம்பாதித்திருந்தாலும் மொத்தச் சம்பளத்துக்கும் வரி கேட்கும். கம்பெனி சட்டப்படி பிடித்தாக வேண்டியது முதலாவதை மட்டும்தான். இரண்டாவது உங்கள் பொறுப்பு.

இப்போது தலைப்பில் சொன்ன டப்ளின் கதைக்கு வருவோம். டப்ளின், கொலம்பஸை ஒட்டிய தனி நகரம். "வீடு டப்ளின்ல, ஆபீஸும் டப்ளின்ல, 2 சதவீதம் பிடிச்சாச்சு, அப்புறம் என்ன?" வீடு டப்ளினில் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், இரண்டு பதில்தான் வரும்: தபால் முகவரியில் டப்ளின் என்று இருக்கிறது, பிள்ளைகள் டப்ளின் பள்ளிக்குப் போகிறார்கள். இரண்டுமே சான்று ஆகாது. தபால் துறையின் எல்லை கடிதம் கொண்டு வருவதற்காகப் போட்டது. பள்ளி மாவட்டத்தின் எல்லை வேறு. நகராட்சி எல்லை இன்னும் வேறு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கொலம்பஸ் நகர எல்லைக்குள் இருந்துகொண்டு டப்ளின், ஹில்லியர்ட், வெஸ்டர்வில் பள்ளி மாவட்டங்களில் சேர்ந்த குடியிருப்புகள் ஏராளம். வீட்டு விளம்பரத்தில் பள்ளியின் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். வரி கேட்பது நகராட்சி. பள்ளியின் பெயரை அது பார்க்காது.

அப்படிக் கொலம்பஸ் எல்லைக்குள் இருக்கும் ஒரு வீட்டுக்காரரின் டபிள்யூ-2வை, அதாவது கம்பெனி தரும் வருடச் சம்பளச் சான்றைப் பாருங்கள். பாக்ஸ் 1ல் 84,500 டாலர், பாக்ஸ் 5ல் 95,000. இடையில் உள்ள 10,500, 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் போட்டது. நகர வரிக்கு 401கே விலக்கு கிடையாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் கிடையாது. அதனால் பாக்ஸ் 18ம் 95,000தான். பாக்ஸ் 19ல் பிடித்த நகர வரி 1,900, பாக்ஸ் 20ல் நகரத்தின் பெயர் டப்ளின். கொலம்பஸ் விகிதம் 2.5 சதவீதம், அதாவது 2,375. டப்ளினுக்குக் கட்டிய 1,900க்கு கொலம்பஸ் கிரெடிட் தரும், அதாவது அதைக் கழித்துக்கொள்ளும். மீதி 475 டாலர் பாக்கி. ஒரு வருடத்துக்கு 475. கவனிக்காமல் விட்டால் மூன்று, நான்கு வருடம் சேர்ந்துதான் கடிதம் வரும்.

உங்கள் வீடு எந்த நகரம் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒஹையோ வரித்துறையின் தளத்தில் 'ஃபைண்டர்' என்ற தேடல் இருக்கிறது. வீட்டு முகவரியைக் கொடுத்தால் நகராட்சி, பள்ளி மாவட்டம், விகிதம் எல்லாம் வரும். கவுண்டி ஆடிட்டர் தளத்தில் உங்கள் வீட்டுப் பதிவிலும் வரி மாவட்டம் என்று எழுதியிருக்கும். வீடு வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

கிரெடிட் எல்லா நகரத்திலும் ஒரே மாதிரி என்று நினைக்காதீர்கள். கிளீவ்லாந்தில் வேலை, பக்கத்து லேக்வுட்டில் வீடு என்றால் கிளீவ்லாந்து 2.5 சதவீதம் பிடிக்கும். லேக்வுட் விகிதம் 1.5தான், ஆனால் அது தரும் கிரெடிட் 0.5 சதவீதம் மட்டுமே. ஆக இன்னும் 1 சதவீதம் கட்ட வேண்டும். 80,000 சம்பளத்துக்கு 800 டாலர். சின்சினாட்டியில் 1.8 பிடித்து, 1.12 சதவீதம் உள்ள மேசனில் குடியிருந்தால் பாக்கி இல்லை. அதிகமாகப் போனதை மேசன் திருப்பித் தரவும் செய்யாது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். கொரோனா காலத்தில் வீட்டில் செய்த வேலையையும் ஆபீஸ் நகரத்தில் செய்ததாகவே கணக்கில் வைத்தார்கள். ஊழியர்களுக்கு அந்தத் தற்காலிகச் சட்டம் 2021 டிசம்பர் 31உடன் முடிந்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று ஒஹையோ உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னதை, வீட்டில் வேலை செய்த நாட்களுக்கு ஆபீஸ் நகரம் பிடித்த வரிக்கு இன்றைக்கும் ரீஃபண்ட் கிடையாது என்று தப்பாகப் புரிந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள். 2022 முதல், நீங்கள் உட்கார்ந்து வேலை செய்த இடம்தான் கணக்கு.

ஓர் உதாரணம்: லிபர்ட்டி டவுன்ஷிப்பில் வீடு. முகவரியில் பவல் என்றுதான் இருக்கும். டவுன்ஷிப் என்பது நகராட்சி அல்ல, அதனால் அங்கே வசிப்பவர்களுக்குக் குடியிருப்பு நகர வரி இல்லை. ஆபீஸ் கொலம்பஸில், சம்பளம் 1,20,000, பிடித்தது 3,000. வேலை செய்த 230 நாளில் 138 நாள் வீட்டிலிருந்து என்றால் 1,800 டாலர் திரும்ப வரும். அதே வேலை, அதே சம்பளம், ஆனால் வீடு பவல் நகர எல்லைக்குள் என்றால் நிலைமை வேறு. கொலம்பஸ் 1,800 தரும். பவலின் 2 சதவீதத்தில் அந்த நாட்களுக்குரிய 1,440ஐ நீங்கள் பவலுக்குக் கட்ட வேண்டும். மிச்சம் 360தான். ரீஃபண்டை வாங்கிக்கொண்டு பவல் ரிட்டர்னில் ரீஃபண்டுக்கு முந்தைய முழுக் கிரெடிட்டையே போடுகிறவர்கள் கடைசியில் அபராதமும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

நாள் கணக்கில் விடுமுறை, லீவு, உடம்பு சரியில்லாத நாள் எதையும் வீட்டு நாளாகச் சேர்க்காதீர்கள். அவை மொத்தத்திலிருந்தே கழியும். கம்பெனி கையெழுத்திட்டு உறுதி செய்யாமல் ரீஃபண்ட் வராது, எனவே ஜனவரியிலிருந்தே காலெண்டரில் குறித்து வையுங்கள். டிசம்பரில் நினைவிலிருந்து எழுதிய பட்டியலை எந்த மேனேஜரும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டார். மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். வேறு நகரத்துக்கு எப்போதாவது வேலையாகப் போனால், வருடத்துக்கு 20 நாள் வரை அந்த நகரம் பொதுவாக வரி கேட்காது.

ஸ்டேட் ரிட்டர்ன் அனுப்பியதோடு சிட்டி ரிட்டர்ன் போய்விடாது. கொலம்பஸுக்கு ஐஆர்-25 படிவம். டப்ளின், பவல், ஹில்லியர்ட் போன்றவற்றுக்கு ரீட்டா என்ற வட்டார வரி முகமை, படிவம் 37. ரீட்டா நகரங்களில் பெரும்பாலானவற்றில் 18 வயது நிரம்பிக் குடியிருப்பவர், பாக்கி பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் போட வேண்டும். போடாதவர்களை ஃபெடரல் வரித்துறைத் தகவலோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள், எனவே தெரியாமல் போய்விடும் என்று எண்ண வேண்டாம். பள்ளி மாவட்ட வருமான வரி இன்னொரு தனிக்கணக்கு: பிக்கரிங்டனில் 1 சதவீதம், பெக்ஸ்லியில் 0.75. அது எஸ்டி-100 படிவத்தில் ஸ்டேட்டுக்குப் போகும், நகரத்துக்குக் கட்டிய வரிக்கு அதில் கிரெடிட் இல்லை. கம்பெனியிடம் தரும் ஐடி-4 படிவத்தில் சரியான மாவட்டத்தைக் குறித்துக் கொடுத்தால் சம்பளத்திலேயே பிடிப்பார்கள்.

பாக்கி வருடத்துக்கு 200 டாலரைத் தொடும் என்றால் முன்கூட்டியே தவணையாகக் கட்டுங்கள்: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15. அதைவிடச் சுலபம், குடியிருக்கும் நகரத்துக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி பேரோலில் கேட்பது. சட்டக் கட்டாயம் இல்லை என்றாலும் பல கம்பெனிகள் செய்து தருகின்றன. வீடு மாறினால் அன்றே பேரோலுக்குச் சொல்லுங்கள். கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் டிராயருக்குள் போட வேண்டாம். கட்டாத வரிக்கு 15 சதவீதம் வரை அபராதம், அதற்கு மேல் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்ட வருடங்களின் டபிள்யூ-2களை எடுத்து, பாக்ஸ் 20ல் எந்த நகரம் என்று பார்த்து, கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்குள் ரிட்டர்னை அனுப்புங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணைக்கும் கேட்கலாம்.