ஐந்து நட்சத்திரக் காருக்கு ஏன் இவ்வளவு பிரீமியம்?

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்வையிட்டுச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் என்ற முறையில், "பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய காருக்குப் பிரீமியம் குறைய வேண்டாமா?" என்ற கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நட்சத்திரங்கள் முதன்மையாக மனித உயிரைக் காக்கும் திறனுக்கான மதிப்பெண்; வண்டியைப் பழுதுபார்க்க என்ன செலவாகும் என்பதை அவை சொல்வதில்லை. அதற்கென்றே, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் காரின் முன்புற அகலத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதவிடும் தனிச் சோதனையைக் காப்பீட்டுத் துறை சார்ந்த ஆய்வு மையங்கள் வகுத்திருக்கின்றன.

ஒரு மாடல் எத்தனை முறை இழப்பீடு கேட்டு வருகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு செலவு வைக்கிறது என்ற இரண்டையும் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்த்தே கணக்கிடுகின்றன. தானியங்கி அவசர பிரேக் முதலாவதைக் குறைக்கிறது. முன்னால் செல்லும் வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துகள் அதனால் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக அமெரிக்கக் காப்பீட்டாளர்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டிருக்கிறது. அதே பிரேக்குக்குத் தகவல் தரும் ரேடாரும் கேமராவும் பம்பருக்குப் பின்னாலும் முன்கண்ணாடியின் உட்புறத்திலும், அதாவது முதலில் அடிபடும் இடங்களிலேயே இருப்பதால், இரண்டாவது கூடிவிடுகிறது.

வெளியே விரல் நீளக் கீறல்தான் தெரியும். பம்பரைக் கழற்றினால் ரேடாரைத் தாங்கும் பட்டை லேசாக வளைந்திருக்கும். முன்பெல்லாம் டிங்கரிங், பெயின்ட் என்று முடிந்த வேலைக்கு இப்போது சென்சாரை அளவீடு செய்து சரிபார்க்கும் கூலியும் சேர்கிறது. முன்கண்ணாடியை மாற்றினாலும் இதே கதைதான்: கேமராவின் கோணம் இம்மியளவு பிசகினாலும் தொலைவில் உள்ள வண்டி எந்தத் தடத்தில் வருகிறது என்று தவறாகக் கணிக்கக்கூடும் என்பதால், பணத்தை மிச்சப்படுத்த இந்தச் சரிபார்ப்பைத் தவிர்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். விரிந்த ஏர்பேக்கை மடித்து மீண்டும் வைக்க முடியாது. அதோடு சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் அமைப்பையும், பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்ற வேண்டியிருப்பதால், வெளித்தோற்றத்தில் பெரிய சேதமில்லாத பழைய கார்கூட, பழுதுச் செலவு அதன் மதிப்பையே நெருங்கி, மொத்த இழப்பாகிவிடுவதுண்டு.

ஆகவே கார் வாங்கும்முன், ஒரு ஹெட்லைட், முன்கண்ணாடி, முன்பம்பர் ஆகியவற்றின் விலையையும் பொருத்தும் கூலியையும் கேட்டுப் பார்த்து, அதே வகைக் கார்களோடு ஒப்பிடுங்கள். பழுது பார்த்து வண்டியை எடுக்கும்போது, சென்சார், கேமரா அளவீட்டு அறிக்கையைப் பில்லோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பு என் கைக்கு வந்தால் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.