ஆறாவது நாள் பிள்ளை எங்கே போகும்? இங்கிலாந்தில் பாடசாலை நீக்கமும் மாற்றுக் கல்வி மையங்களும்

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஒரு தாய் நான்கு பக்கக் கடிதமொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரேயொரு வரிக்கு மட்டும் மகள் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தாள். அண்ணனைப் பாடசாலை நிரந்தரமாக நீக்கிவிட்டது என்ற வரி அது. "அப்ப இனி இவன் பள்ளிக்கூடமே போகேலாதோ?" என்று தாய் கேட்டார். பெடியனுக்கு 14 வயது, பத்தாம் ஆண்டு. கதவோரம் நின்று சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்த வரிக்கு யாரும் கோடு போடவில்லை. ஆறாவது பாடசாலை நாளிலிருந்து அவனுக்கு முழுநேரக் கல்வியைக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஒழுங்கு செய்யும் என்று அங்கே எழுதியிருந்தது. இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றியது. அந்த வரி உண்மையாக வேண்டுமென்றால் ஊரில் நீக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு மாற்றுக் கல்வி மையமும் அதில் ஓர் இடமும் இருக்க வேண்டும். ஆகவே அந்த மையம் எப்படித் திட்டமிடப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சட்டம். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நோயாலோ, நீக்கத்தாலோ, வேறு காரணத்தாலோ பாடசாலைக் கல்வி கிடைக்காமல் போகும் பிள்ளைக்குத் தகுந்த கல்வியை ஒழுங்கு செய்வது கவுன்சிலின் கடமை என்று அது சொல்கிறது. செய்தால் நல்லது என்ற கதை இல்லை, செய்தே ஆக வேண்டும். நிரந்தர நீக்கம் என்றால் ஆறாவது பாடசாலை நாளிலிருந்து கவுன்சில் பொறுப்பு. தற்காலிக இடைநிறுத்தம் ஐந்து நாளைத் தாண்டினால் ஆறாவது நாளிலிருந்து பாடசாலையே பொறுப்பு. சனி, ஞாயிறு, விடுமுறை எதுவும் கணக்கில் வராது. இன்னொன்று: பாடசாலை எந்தக் கவுன்சிலில் இருந்தாலும், பொறுப்பு நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலுக்குத்தான். லண்டனில் ஹாரோவில் இருந்துகொண்டு பிரெண்ட்டில் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். தவறான கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தே இரண்டு நாள் போய்விடும்.

முதல் ஐந்து நாளில் பாடசாலை வீட்டுக்குப் பாடவேலை அனுப்பித் திருத்தித் தர வேண்டும். அந்த ஐந்து நாளும், பாடசாலை நேரத்தில், தகுந்த காரணமில்லாமல் பிள்ளை பொது இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை. மீறினால் அபராதம் வரலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம்மில் கடை வைத்திருப்பவர்கள் வீட்டில் தனியே விட மனமில்லாமல் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் கவுண்டருக்குப் பின்னால் இருத்திவிடுகிறார்கள். கடையும் பொது இடம்தான்.

அடுத்து, கவர்னர்கள், அதாவது பாடசாலையின் நிர்வாகக் குழுவினர். நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் பாடசாலை அதிபருக்கு மட்டுமே உண்டு, அதுவும் ஒழுக்கம் சார்ந்த காரணத்துக்கு மட்டுமே. அந்த முடிவைக் கவர்னர்கள் 15 பாடசாலை நாளுக்குள் கூடிப் பரிசீலிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போகலாம், பேசலாம், ஒரு நண்பரையோ பிரதிநிதியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைத் திருப்பி எடுப்பதில்லை என்று அவர்கள் முடிவு செய்தால், அந்த அறிவித்தல் கிடைத்து 15 பாடசாலை நாளுக்குள் சுயாதீன மீளாய்வுக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. விசேட கல்வித் தேவை பற்றித் தெரிந்த நிபுணர் ஒருவர் அந்தக் குழுவின் முன் வர வேண்டும் என்றும் கேட்கலாம். பாடசாலை உங்கள் பிள்ளைக்கு அப்படியொரு தேவை இருப்பதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தாலும் கேட்கலாம். கேளுங்கள். வாசிப்பில் சிரமம், கவனம் நிலைக்காமை, ஓட்டிசம் போன்றவற்றை யாரும் கண்டுபிடிக்காமல் விட்டு, அதையே "ஒழுக்கக் கேடு" என்று பெயர் சூட்டியிருப்பதை நான் பல கடிதங்களில் வாசித்திருக்கிறேன்.

மீளாய்வுக் குழுவால் பாடசாலையின் முடிவை ரத்துச் செய்து, மறுபடி யோசி என்று திருப்பி அனுப்ப முடியும். பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட முடியாது. ரத்துச் செய்தும் பாடசாலை 10 பாடசாலை நாளுக்குள் திருப்பி எடுக்க முன்வராவிட்டால், 4,000 பவுண் செலுத்தும்படி குழு உத்தரவிடலாம். அந்தப் பணம் பெற்றோருக்கு வராது, கவுன்சிலுக்குத்தான் போகும். இந்த வரம்பை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. நம்பிக்கை முழுவதையும் அந்த ஒரு கூட்டத்தில் வைத்துவிட்டு உடைந்துபோனவர்களை நான் அறிவேன்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. அது கடிதமாக வராது, தொலைபேசியில் இனிமையாக வரும். "நீக்கம் என்று பதிவானால் பிள்ளைக்குக் கெட்ட பெயர். நீங்களாகவே வீட்டில் படிப்பிக்கிறோம் என்று எழுதித் தந்துவிடுங்கள்." மானத்துக்குப் பயந்து நம்மவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டால் கவர்னர் கூட்டம் இல்லை, மீளாய்வு இல்லை, ஆறாவது நாள் இல்லை. படிப்பிக்கும் பொறுப்பும் செலவும் முழுக்க உங்கள் தலையில். வீட்டுக் கல்வி உங்கள் சொந்த விருப்பமாக இருந்தால் சரி. பாடசாலை தள்ளினால் அது சட்டவிரோதம். "கொஞ்சம் ஆறட்டும், இன்றைக்குக் கூட்டிப்போங்கள்" என்று பதிவில்லாமல் வீட்டுக்கு அனுப்புவதும் அப்படியே. பெற்றோர் சம்மதித்தாலும் அது சட்டப்படி சரியாகாது.

சரி, ஆறாவது நாள் பிள்ளை போகும் இடம் என்ன? பெரும்பாலும் பி.ஆர்.யூ. (Pupil Referral Unit) என்று அழைக்கப்படும் கவுன்சில் மையம், அல்லது அதே வேலையைச் செய்யும் மாற்றுக் கல்வி அகாடமி, அதாவது கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசின் பணத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பாடசாலை. பிள்ளைகள் வாயில் அது "ப்ரூ". அந்தச் சொல்லைக் கேட்டாலே பெற்றோருக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் அது பாடசாலைதான். பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட் அதையும் பரிசோதிக்கிறது, வகுப்புகள் சிறியவை, ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் நடக்க வேண்டும். தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றும் கட்டாயம் மட்டும் இல்லை. அந்தத் தளர்வைச் சில மையங்கள் அழகாகப் பயன்படுத்துகின்றன. சில மையங்களில் அதுவே, பிள்ளை எட்டுப் பாடம் எடுக்க வேண்டிய இடத்தில் மூன்றோடு நிற்பதற்குக் காரணமாகிறது.

அங்கே வருபவர்கள் யார்? 2019இல் எட்வர்ட் டிம்ப்சன் தலைமையில் அரசு நடத்திய மீளாய்வின் கணக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். நிரந்தரமாக நீக்கப்பட்ட பிள்ளைகளில் 78 விழுக்காட்டினர் விசேட கல்வித் தேவை உள்ளவர்களாகவோ, சமூக சேவைப் பிரிவின் உதவி தேவைப்படும் பிள்ளைகளாகவோ, இலவச உணவுக்குத் தகுதியானவர்களாகவோ இருந்தார்கள். "ரவுடிப் பிள்ளைகள்" என்று தெருவில் பேசப்படும் கூட்டத்தின் உள்ளே இருப்பவர்கள் இவர்கள்தான். 2023-24 கல்வியாண்டில் இங்கிலாந்தில் 10,885 நிரந்தர நீக்கங்கள் நடந்தன. இடைநிறுத்தங்கள் ஏறக்குறைய 9 லட்சத்து 55 ஆயிரம். முந்தைய ஆண்டைவிட இரண்டும் அதிகம்.

இவ்வளவு பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பதால்தான் கவுன்சில்கள் புதிய மையங்களைத் திட்டமிடுகின்றன. உங்கள் பகுதியில் அப்படியொரு அறிவித்தல் வந்தால், பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் கடந்து போகாதீர்கள். அந்தத் தாயும் ஒரு வருடத்துக்கு முன் கடந்துதான் போயிருப்பார்.

திட்டம் ஒரு கணக்கில் தொடங்குகிறது: எத்தனை இடம்? இங்கேதான் பெரிய தவறு நடக்கும். சாதாரணப் பாடசாலை செப்டெம்பரில் நிறையும், வருடம் முழுக்க அப்படியே இருக்கும். நீக்கங்களோ வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரும். செப்டெம்பரில் பாதி காலியாக இருக்கும் மையம் ஈஸ்டருக்குள் வழியும். ஒக்டோபர் மாதத் தலைக்கணக்கைப் பார்த்து இடத்தைக் குறைத்தால், மார்ச்சில் நீக்கப்படும் பிள்ளைக்கு ஆறாவது நாள் என்பது கடிதத்தில் மட்டுமே வரும். ஆகவே கவுன்சில் ஊர் மக்களின் கருத்தைக் கேட்கும் ஆலோசனைக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, இந்த எண்ணிக்கையை எந்த மாதத்தை வைத்துப் போட்டீர்கள் என்பதே.

பணம் இரண்டு வழியில் வருகிறது. ஓர் இடத்துக்கு வருடம் 10,000 பவுண் அடிப்படைத் தொகை. அதற்கு மேல், பிள்ளையை அனுப்பும் கவுன்சிலோ பாடசாலையோ கொடுக்கும் கூடுதல் தொகை. அடிப்படைத் தொகை காலியான இடத்துக்கும் வரும் என்பதால், மார்ச்சுக்கென்று இடம் வைத்திருப்பது மையத்துக்கு முழு நட்டமாகாது. யார் நடத்துவது? புதிய பாடசாலை தேவை என்று கவுன்சில் நினைத்தால், 2006ஆம் ஆண்டுக் கல்வி மற்றும் பரிசோதனைகள் சட்டத்தின்படி, முதலில் அகாடமி நடத்த விரும்புவோரிடம் முன்மொழிவு கேட்க வேண்டும் என்பதே விதியாக இருந்து வந்தது. ஆகவே பல இடங்களில் மையத்தை நடத்தப்போவது கவுன்சில் அல்ல, ஓர் அகாடமி அறக்கட்டளை. அதன் மற்றப் பாடசாலைகள் எத்தனை பிள்ளைகளை நீக்குகின்றன என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் நிறையச் சொல்லும்.

கட்டிடம் பற்றி இரண்டொரு வார்த்தை. மாற்றுக் கல்வி மையங்களின் அறை அளவுகளுக்கு பில்டிங் புல்லட்டின் 104 என்ற அரசு வழிகாட்டி இருக்கிறது. பழைய அலுவலகமொன்றை மாற்றிப் பயன்படுத்தும்போது விஞ்ஞான ஆய்வுகூடமும் திறந்தவெளியும்தான் முதலில் அடிபடும். வரைபடத்தில் அவற்றைத் தேடுங்கள். தேடுவதற்குத் தரும் காலமும் குறைவு. கட்டிட அனுமதி விண்ணப்பத்துக்குக் கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாள்தான் கிடைக்கும். விளக்குக் கம்பத்தில் கட்டிய தாளாகவோ அயலவர் வீட்டுக்கு வந்த கடிதமாகவோ அந்த அறிவித்தல் வரும். எதிர்ப்புக் கடிதம் எழுதுபவர்கள் அந்த 21 நாளைத் தவறவிடுவதில்லை. வீட்டு விலை விழும் என்று எழுதுவார்கள். அது அனுமதியை மறுக்கச் செல்லுபடியாகும் காரணமே இல்லை. போக்குவரத்து, வாகன நிறுத்தம், சத்தம் என்பவைதான் எடை பெறும்.

ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது, திரும்பிப் போகும் வழி. 2023 மார்ச்சில் அரசு வெளியிட்ட திட்டம் மாற்றுக் கல்வியை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. சொந்தப் பாடசாலையில் இருக்கும்போதே மையத்தின் ஆட்கள் வந்து உதவுவது முதல் அடுக்கு. குறிப்பிட்ட காலம் மையத்தில் இருந்துவிட்டு அதே பாடசாலைக்குத் திரும்புவது இரண்டாவது. புதிய பாடசாலைக்கோ 16க்குப் பிந்திய படிப்புக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை வைத்திருப்பது மூன்றாவது. முதல் இரண்டு அடுக்கும் நன்றாக நடந்தால் மூன்றாவதுக்குப் போகும் பிள்ளைகள் குறைவார்கள். புதிய மையத்தின் திட்டத்தில் மூன்றாவதற்கு மட்டுமே ஆசிரியர்களும் அறைகளும் இருந்தால், அது பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் இடமாகவே முடியும். கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள்: இங்கிருந்து எத்தனை பேர், எத்தனை வாரத்தில், எந்தப் பாடசாலைக்குத் திரும்புவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

அப்புறம் பஸ். லண்டனில் 11 முதல் 15 வயது வரை ஸிப் ஒய்ஸ்டர் என்ற பிள்ளைகளுக்கான பயண அட்டையில் பஸ் இலவசம். ஆகவே தூரம் பெரிய விஷயமில்லை என்று திட்டக்காரர்கள் நினைத்துவிடலாம். ஆனால் தெருக் குழுக்களின் சண்டையால் ஒரு தபால் குறியீட்டுப் பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகப் பயப்படும் பிள்ளைகள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். எந்தப் பஸ் எந்த வீதியால் போகிறது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இது வரைபடம் வரைபவருக்குத் தெரியாது, உங்கள் மகனுக்குத் தெரியும். அதேபோல் இந்த மையங்களில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் சிறுபான்மை. பத்துப் பெடியன்களுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை உட்கார வேண்டி வந்தால் என்ன ஏற்பாடு என்று ஒரு தாய் கேட்டால்தான் அந்தக் கேள்வி மேசைக்கு வரும்.

நம் சங்கங்களில் சிலர், நாமே ஒரு மையம் தொடங்கினால் என்ன என்று கேட்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் கட்டாயக் கல்வி வயதில் ஐந்து பிள்ளைகளுக்கு முழுநேரக் கல்வி கொடுத்தாலே அது சுயாதீனப் பாடசாலையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். இ.எச்.சி.பி. (விசேட கல்வித் தேவைக்கான சட்டபூர்வ உதவித் திட்டம்) உள்ள பிள்ளையோ கவுன்சிலின் பராமரிப்பில் உள்ள பிள்ளையோ என்றால் ஒருவருக்கே பதிவு வேண்டும். வாரம் 18 மணி நேரத்தைத் தாண்டினால் ஒஃப்ஸ்டெட் முழுநேரம் என்றே பார்க்கும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கும் பின்னேர டியூசனுக்கும் இது பொருந்தாது. கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு பின்னேரம் இந்தப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க யாரும் தடை போடவில்லை.

அந்தப் பெடியன் மையத்துக்குப் போனது ஒன்பதாவது நாள். மூன்று நாள் தாமதம், இரண்டு மின்னஞ்சல், பல தொலைபேசி. முதல் நாள் தாயோடு நானும் போனேன். வாசலில் போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள், பையைத் திறந்து பார்த்தார்கள். தாயின் முகம் சுருங்கியது. உள்ளே சமையலறையில் ஓர் ஆசிரியை தோசைக்கல் அளவு தட்டில் டோஸ்ட் அடுக்கிக்கொண்டிருந்தார். "பட்டர் மட்டுமா, ஜாமும் வேண்டுமா?" என்று கேட்டார். ஜாமும் வேண்டும் என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

உங்கள் கவுன்சிலின் ஆலோசனைப் பக்கம் திறந்திருந்தால் நீண்ட கட்டுரை எழுத வேண்டாம். உங்கள் வீதியின் பெயர், பிள்ளையின் ஆண்டு, அவன் ஏறும் பஸ்ஸின் இலக்கம், எந்த மாதத்துக் கணக்கு, திரும்பும் வழி எங்கே. அரைப் பக்கம் போதும். கடைசித் தேதிக்கு முன் அனுப்பிவிடுங்கள்.